தென்காசிக்கு யாரை அழைப்பது, எப்படி அழைப்பது?

தென்காசி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் வியாபாரிகள் சங்கச் செயலாளர் நீங்கள். "அருவி, சாரல், மலை எல்லாம் இருக்கின்றன. நிலமும் படித்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் இங்கே குடிவரவும் தொழில் தொடங்கவும் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு லட்சம் ரூபாய் வசூலாகியிருக்கிறது, ஒரு விளம்பரப் படம் எடுக்கலாம் என்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பணத்தைப் படத்துக்குச் செலவழிக்காதீர்கள். குறைந்தபட்சம் இந்த ஆண்டு வேண்டாம். ஏன் சொல்கிறேன் என்பதற்கு நீளமான பதில் இருக்கிறது.

நான் பதினாறு ஆண்டுகள் சென்னையில் வேலை பார்த்துவிட்டு 2012இல் குடும்பத்தோடு இந்தப் பக்கம் திரும்பியவன். ஊர் திரும்புகிறவர்களுக்கும் சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்கும் இடம் பார்த்துக் கொடுப்பது, கணக்கு எழுதுவது, கடன் விண்ணப்பம் தயாரிப்பது ஆகியவைதான் அன்று முதல் என் பிழைப்பு. வந்து நிலைத்த குடும்பங்களையும், ஆறே மாதத்தில் சாமான்களை மறுபடி லாரியில் ஏற்றிய குடும்பங்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு முதலீட்டாளர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். வந்தவர்களுக்கெல்லாம் வழவழப்பான புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். அட்டையில் ஐந்தருவி, உள்ளே காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம், சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல். கோவையிலிருந்து வந்திருந்த ஒருவர் இயந்திர உதிரிபாகம் செய்கிற சிறு பட்டறை வைத்திருப்பவர். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்டார். மின்சாரம் நின்றால் எவ்வளவு நேரத்தில் திரும்ப வரும்? என் மேற்பார்வையாளர் குடும்பத்தோடு மாறி வந்தால் அவர் பிள்ளைக்கு நடு ஆண்டில் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும்? இரவு ஒரு மணிக்கு அவருக்கு நெஞ்சு வலித்தால் எங்கே தூக்கிக்கொண்டு போவது? மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டம் முடிந்ததும் சொல்கிறோம் என்றார்கள். அவர் மதியச் சாப்பாட்டுக்கே காத்திருக்கவில்லை.

நீங்கள் எடுக்கப்போகும் படத்தில் அந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்காது. அருவிதான் இருக்கும். அருவி இரண்டு நாள் வந்து குளித்துவிட்டுப் போகிறவருக்கான அழைப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் குற்றாலம் நிரம்பி வழிகிறது, விடுதிக்காரரும் பழக்கடைக்காரரும் பிழைக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் சாரலில் மயங்கி இங்கே மனை வாங்கியவர்களில் எத்தனை பேர் குடிவந்தார்கள் என்று குற்றாலத்தைச் சுற்றிப் போய்ப் பாருங்கள். வயலை மேடாக்கி, கல் நட்டு, வண்ணக்கொடி கட்டி விற்ற மனைகளில் பல இன்றும் கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. வாங்கியவர் திருவனந்தபுரத்திலோ சென்னையிலோ இருக்கிறார். ஊருக்கு ஒரு குடும்பம் கூடவில்லை, ஒரு வயல் குறைந்துவிட்டது. விளம்பரம் வெற்றி பெற்றும் ஊர் தோற்றுப்போவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்படியென்றால் யாரை அழைப்பது? என் பதில் இதுதான்: முதலில் இங்கிருந்து போனவர்களை அழையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உண்மையான பதிலைத் தேடித் தயார் செய்யுங்கள். அந்தப் பதில்கள் கைவசம் இருந்தால், இந்த ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாத கோவைக்காரரும் தானாக வருவார்.

பணம் கொடுத்து ஆள் சேர்க்கும் வழியைப் பலர் கேட்கிறார்கள், அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அமெரிக்காவில் கிராமப்புறக் கவுண்டிகள், அதாவது நம் மாவட்டத்துக்கு ஒப்பான நிர்வாகப் பகுதிகள், ஆள் குறைந்து தவிக்கின்றன. கான்சாஸ் மாநிலம் 2011இல் தன் 105 கவுண்டிகளில் 50ஐத் தேர்ந்தெடுத்து, வெளி மாநிலத்திலிருந்து குடிவருகிறவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை மாநில வருமான வரி கிடையாது என்றது. பட்டதாரிகளின் கல்விக்கடனில் 15,000 டாலர் வரை அடைத்துத் தருவதாகவும் சொன்னது. வெர்மான்ட் மாநிலம் 2019 முதல், வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனத்துக்கு வேலை செய்கிறவர்கள் குடிவந்தால் 10,000 டாலர் வரை கொடுத்தது. பணம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்களுக்கே அதைக் கொடுக்கிறோமா என்று அந்த மாநிலத்தின் தணிக்கையாளரே கேள்வி எழுப்பினார். நியாயமான கேள்வி. நம் சங்கங்களிடம் அவ்வளவு பணமும் இல்லை, அந்த வழிக்கு நாம் போகவும் வேண்டாம்.

நாம் உட்கார்ந்து படிக்க வேண்டிய ஊர் ஒன்று ஜப்பானில் இருக்கிறது. டோக்குஷிமா மாகாணத்து மலைகளுக்கு நடுவே காமியாமா என்ற சிற்றூர். சுடாச்சி என்னும் சிறு பச்சை எலுமிச்சை வகைக்குப் பெயர்போனது; புளியங்குடிக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள். 1950களில் 20,000 பேருக்கு மேல் இருந்த ஊர், இன்று சுமார் 5,000 பேர்தான். மரத்தொழில் படுத்தது, இளைஞர்கள் போனார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. 1999இல் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைத்துச் சில மாதம் தங்க வைக்கத் தொடங்கினார்கள். 2004இல் அந்தக் குழு 'கிரீன் வேலி' என்ற தொண்டு அமைப்பாகப் பதிவானது. 2008இல் கலைஞர்களுக்காக ஓர் இணையதளம் திறந்தார்கள். வந்தவர்கள் அதிகம் பார்த்ததோ கலைப் பக்கங்களை விட்டுவிட்டு, காலியாக இருக்கும் பழைய வீடுகளைப் பற்றிய பக்கத்தை.

இங்கேதான் அவர்கள் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தார்கள். "யார் வேண்டுமானாலும் வாருங்கள்" என்று சொல்லவில்லை. இந்த வீட்டுக்கு ரொட்டி சுடத் தெரிந்தவர் வேண்டும், அந்த வீட்டுக்கு வடிவமைப்பாளர் வேண்டும் என்று தொழிலைக் குறிப்பிட்டு அழைத்தார்கள். ஊருக்கு என்ன குறைகிறதோ அதைச் செய்யத் தெரிந்தவரை ஊரே தேடியது. மாகாண அரசு ஏற்கெனவே மலைக்குள் ஒளியிழை கேபிள் இழுத்துவிட்டிருந்ததால் இணையமும் வேகமாக இருந்தது. 2010இல் சான்சான் என்ற டோக்கியோ மென்பொருள் நிறுவனம் ஒரு பழைய வீட்டை எடுத்துத் தன் கிளை அலுவலகமாக்கியது, பிறகு வேறு நிறுவனங்களும் வந்தன. 2011இல், ஊரைவிட்டுப் போனவர்களைவிட ஊருக்குள் வந்தவர்கள் அதிகம் என்ற நிலை அங்கே முதல்முறையாக ஏற்பட்டது. 2023இல் புதிய தொழில்நுட்பக் கல்லூரியே திறந்தார்கள். மக்கள்தொகை சரிவது நின்றுவிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் ரொட்டிக் கடை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள், பூட்டிய வீடுகளில் விளக்கு எரிகிறது.

உங்கள் ஊருக்கு இதே வேலையைச் செய்து பாருங்கள். சங்கக் கூட்டத்தில் ஒரு தாளை எடுத்து, எதற்கெல்லாம் நாம் திருநெல்வேலிக்கு பஸ் ஏறுகிறோம் என்று எழுதுங்கள். நான் இருக்கும் ஊரில் எழுதியபோது வந்தவை: இயன்முறை மருத்துவர், குளிர்பதன அறை பழுது பார்ப்பவர், ஏற்றுமதி ஆவணம் தெரிந்த கணக்கர், பச்சைக் குழந்தையை நம்பி விட்டுப்போகக் கூடிய காப்பகம். இந்த நான்கு தொழில்களுக்கும் இங்கே வாடிக்கையாளர்கள் தயாராக இருக்கிறார்கள். "தென்காசியில் முதலீடு செய்யுங்கள்" என்ற வாசகம் யார் காதிலும் விழாது. "சுரண்டையைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் குளிர்பதன அறை பழுது பார்க்க ஆளில்லை, இத்தனை அறைகள் இருக்கின்றன, தொழில் தெரிந்த நம்மூர்ப் பிள்ளை ஓசூரிலோ திருப்பூரிலோ இருந்தால் பேசுங்கள்" என்பது ஒருவர் காதிலாவது விழும். நமக்கு அந்த ஒருவர் போதும்.

இனி எல்லோரும் சொல்லும் உதாரணத்துக்கு வருகிறேன். மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் இருக்கிறதே, அதுபோல இன்னொரு நிறுவனத்தைக் கொண்டுவர முடியாதா என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. சோஹோ எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2011இல் மிகச் சில ஊழியர்களோடு சிறிய அளவில் தொடங்கியது. யாருடைய விளம்பரப் புத்தகத்தையும் பார்த்து அது வரவில்லை, நிறுவனத்தை நடத்தியவர்களுக்கே கிராமத்தில் வேலை நடக்கும் என்ற உறுதி இருந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு 2019இல் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே குடியேறினார். வாடிக்கையாளர் சேவைக்கான அவர்களுடைய 'சோஹோ டெஸ்க்' மென்பொருள் தென்காசியில் உருவானது. பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்துச் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிக்கும் முறையைச் சென்னையில் 2005இல் தொடங்கியிருந்தார்கள், அதை இங்கும் கொண்டுவந்தார்கள். இதிலிருந்து இன்னொரு பெரிய நிறுவனத்தைத் தேடி ஓட வேண்டும் என்ற பாடத்தை எடுத்தால் தவறு. ஊரில் இருக்கும் பிள்ளைகளை நம்பிச் சிறியதாகத் தொடங்கிப் பொறுத்திருந்தால் வளரும் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம். பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகங்கள் ஐம்பது வந்தால், அது ஐந்நூறு பேரின் ஓர் அலுவலகத்தைவிட ஊருக்குப் பாதுகாப்பானது. ஒன்று மூடினால் ஊர் சாயாது.

அந்தப் பத்துப் பேர் யார் என்பதைத்தான் நாம் வெளியே சொல்லத் தவறுகிறோம். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்து வீடுகளில் தாய்மார்கள் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றியே மகள்களைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அந்த மகள்கள் பொறியியலும் வணிகவியலும் முடித்திருக்கிறார்கள். சென்னைக்குப் போய் விடுதியில் தங்கச் சிலருக்கு வீட்டில் சம்மதம் இல்லை, போனவர்களில் பலர் திருமணத்தோடு வேலையை விட்டார்கள். ஊரிலேயே நல்ல வேலை கிடைத்தால் இவர்கள் ஆண்டுக்கு ஒரு நிறுவனம் தாவ மாட்டார்கள். பயிற்சி கொடுத்த ஆள் நிலைத்து நிற்பது முதலாளிக்கு எவ்வளவு பெரிய லாபம் என்று சென்னையிலோ பெங்களூருவிலோ சிறு நிறுவனம் நடத்துகிறவரைக் கேளுங்கள். அதற்காக, குறைந்த சம்பளத்துக்கு ஆள் கிடைக்கும் என்று விளம்பரம் செய்யாதீர்கள். மலிவு தேடி வருகிறவர் இன்னும் மலிவான ஊர் கிடைத்ததும் போய்விடுவார். நம் பிள்ளைகளை நாமே மட்டமாக விலை பேசிய பாவமும் நமக்கு வேண்டாம்.

தொழிலுக்கு நம் மாவட்டத்தின் உண்மையான பலம் இன்னொன்று. மேற்கே மலைத்தொடரில் ஆரியங்காவு கணவாய் திறந்திருக்கிறது. அந்த வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நமக்குச் சாரலைக் கொண்டுவருகிறது, சமவெளியில் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே வழியாகத்தான் நம் காய்கறி கேரளத்துக்குப் போகிறது. கொல்லம் – செங்கோட்டை ரயில் பாதை 1904இல் வந்தது, அகலப்பாதையாக மாறி 2018இல் முழுமையாகத் திறந்தது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர்களின் நடுவே ஓடுகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அங்கே மலையாளம் பேசுவதும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் புதிதல்ல. பிரானூர்ப் பக்கம் மர அறுவை ஆலைகள் வரிசையாக இருப்பது ஏன், பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஓணத்துக்கு முன் லாரிகள் இரவெல்லாம் நிற்பது ஏன் என்று யோசித்தால், நம் வாசல் எந்தப் பக்கம் என்பது விளங்கும். மேற்கே கேரளத்துச் சந்தை, கிழக்கே தூத்துக்குடித் துறைமுகம், நடுவில் நாம். உணவுப் பொருள் பதப்படுத்துகிறவருக்கோ மரச்சாமான் செய்கிறவருக்கோ இதைத் தொலைவுகளோடு ஒரே பக்கத்தில் வரைபடமாகக் கொடுத்தால், அருவிப் படத்தைவிட நூறு மடங்கு பேசும்.

புளியங்குடி எலுமிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் விலை ஏறிப் பறக்கிறது, வரத்து கூடும் மாதங்களில் பறிகூலிக்குக் கூடக் கட்டவில்லை என்று விவசாயி பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறார். நடுவே தரம் பிரிக்கும் கூடம், குளிர்பதன அறை, சாறு எடுக்கும் ஆலை, ஊறுகாய்த் தொழில், தோலிலிருந்து எண்ணெய் எடுப்பது என்று எத்தனையோ வேலைகளுக்கு இடம் இருக்கிறது. எந்த மாதத்தில் எத்தனை மூட்டை வருகிறது, என்ன விலை போகிறது என்ற மூன்று ஆண்டுக் கணக்கு கமிஷன் கடைக்காரர்களின் பேரேடுகளில் இருக்கிறது. அதை உங்களைப் போன்ற சங்கத்தால்தான் கேட்டு வாங்கித் தொகுக்க முடியும். வெளியூர்த் தொழில்முனைவோர் முதலில் தேடுவது அந்த ஒரு தாளைத்தான். அது இல்லாததால்தான் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போகிறார்கள்.

எதை அழைக்கக் கூடாது என்பதையும் முடிவு செய்யுங்கள். சிற்றாற்றையும் அணைகளையும் நம்பி வாழும் ஊர்களில் தண்ணீரை உறிஞ்சும் ஆலை வேண்டாம். மலையை உடைத்து எல்லைக்கு அப்பால் ஏற்றி அனுப்பும் லாரிகளால் சாலையும் நுரையீரலும் என்ன பாடுபடுகின்றன என்று நாம் தினமும் பார்க்கிறோம். அந்தப் புழுதியில் பசுமை விளம்பரம் நிற்காது. குடிவர நினைத்து ஊர் பார்க்க வருகிறவர் அந்த லாரிகளின் பின்னால்தான் வருவார்.

சலுகைகள், கடன் பற்றி ஒரு பத்தி போதும். 2021ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் கொள்கை தென்மாவட்டங்களை அதிகச் சலுகை பெறும் பிரிவில் வைத்தது, ஆனால் அது பெரும்பாலும் பெரிய முதலீட்டுக்கு உதவுவதாக இருந்தது. சிறியவருக்கு மத்திய அரசின் பிரதமர் வேலை உருவாக்கும் திட்டத்தின் 2022 விதிகளின்படி உற்பத்திக்கு 50 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம். கிராமப்புறத்தில் பொதுப்பிரிவுக்கு 25 சதவீதமும், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுகளுக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் 'நீட்ஸ்' திட்டத்தில் மானியம் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம். மாவட்டத் தொழில் மையத்தில் எல்லாம் சொல்வார்கள். மானியத்துக்காக மட்டும் யாரும் ஊர் மாறி வந்து நான் பார்த்ததில்லை.

ஊர் மாறுவது வீட்டுக்குள் முடிவாகிறது, அதிலும் பெரும்பாலும் மனைவியின் மனதில். என்னிடம் வந்த குடும்பங்களில் திரும்பிப் போனவை ஏன் போயின என்று யோசித்தால், தொழில் நொடித்துப் போனவர்கள் குறைவு. பல வீடுகளில் மனைவிக்கு இங்கே வேலை இல்லை. சென்னையில் தன் சம்பளமும் தன் சமையலறையும் வைத்திருந்தவர், இங்கே வந்ததும் மாமியார் வீட்டு மருமகளாக மட்டும் ஆகிவிட்டார். சாயங்காலம் தனியாக நடந்து போனால் நான்கு திண்ணையிலிருந்து விசாரிப்பு. கணவனுக்கு அது சொந்த ஊர், அவளுக்கு அது இன்னொருவர் ஊர். ஆண்கள் கூடிப் பேசும் நம் சங்கக் கூட்டங்களில் இது ஒருமுறை கூட எழுந்ததில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். மனைவிக்கு வேலை, குழந்தைக் காப்பகம், வேகமான இணையத்தோடு உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு பொது இடம், எட்டு மணிக்குப் பிறகும் ஓடும் பஸ். இவை நான்கும் இருக்கும் ஊருக்குக் குடும்பம் வரும். உங்கள் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கை அந்தப் பொது இடத்துக்குப் போடுங்கள். பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு மாடி, பத்து மேசை, மின்சாரம் நின்றால் தாங்கும் பேட்டரி, சுத்தமான கழிப்பறை. அயர்லாந்தில் கார்க் கவுண்டியின் ஸ்கிபரீன் என்ற சிற்றூரில் 2016இல் அப்படித்தான் ஒரு பழைய கட்டடத்தில் 'லட்கேட் ஹப்' தொடங்கியது. வேகமான இணையத்தை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஆட்களை அழைத்தார்கள்.

அடுத்தது வீடு. ஆச்சரியமாக இருக்கும், ஆனால் இங்கே குடிவர நினைப்பவருக்கு முதல் தடை வாடகை வீடு கிடைக்காததுதான். கடையநல்லூரில் வளைகுடாப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன! கேட்டால், வாடகைக்கு விட்டால் காலி செய்ய மாட்டார்கள் என்ற பயம். நகர்ப்பகுதிகளில் வாடகைக்கு எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் கட்டாயம் என்று 2019இல் நடைமுறைக்கு வந்த சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்து கொடுக்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்று, நம்பிக்கைக்கு நடுவில் நின்றால், இருபது வீட்டுச் சாவிகள் உங்கள் மேசைக்கு வரும். காமியாமாவில் குடிவரவு தொடங்கியதும் பூட்டிய வீடுகளில்தான்.

பள்ளி, மருத்துவம் இரண்டிலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. தென்காசியில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, பெரிய சிகிச்சைக்குச் சுமார் 55 கிலோமீட்டர் தள்ளித் திருநெல்வேலிக்குத்தான் போக வேண்டும். மறைத்தால் வந்த முதல் மாதமே தெரிந்துவிடும், பிறகு நீங்கள் சொன்ன எதையும் அவர் நம்ப மாட்டார். குறையைச் சொல்லும்போதே இருப்பதையும் சொல்லலாம். ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கு நம் மண்ணில் செய்துவரும் பணி பெரிய நகரங்களிலேயே அரிது. சிகிச்சைப் பயிற்சி தேவைப்படும் குழந்தையை வைத்துக்கொண்டு நகரத்தில் அலையும் பெற்றோருக்கு இதைவிட உறுதியான காரணம் வேறு என்ன வேண்டும்? எந்த விளம்பரப் புத்தகத்திலும் நான் இதைப் பார்த்ததில்லை.

ஊர் திரும்புகிறவரை ஊர் எப்படி எதிர்கொள்கிறது என்பதும் விளம்பரத்தில் சேர்ந்ததுதான். நான் வந்து இறங்கிய வாரம் டீக்கடையில் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும், "என்ன, அங்கே வேலை போய்விட்டதா?" என்றார். அவர் கெட்டவர் அல்லர், ஆனால் அந்த வார்த்தை எனக்குப் பல மாதம் வலித்தது. என் அப்பாவே ஒரு வருடம், நான் விடுமுறைக்கு வந்திருப்பதாகத்தான் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஊரைவிட்டுப் போவது வெற்றி, திரும்புவது தோல்வி என்று இரண்டு தலைமுறையாக நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம். அதனால், திரும்பி வந்து தொழில் நடத்துகிறவர்களைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழையுங்கள். கொடை விழா மலரில் அவர்களைப் பற்றி எழுதுங்கள். சங்கத்தில் பொறுப்புக் கொடுங்கள். சென்னையில் இருப்பவர் ஊரில் இருக்கும் தம்பியிடம்தான் முதலில் கேட்பார், அந்தத் தம்பி சொல்லும் பதில்தான் உங்கள் விளம்பரம்.

நடைமுறைக்கு வருகிறேன். கோவைக்காரர் கேட்ட மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கி, வீடு, இணையம், பஸ், வாடகை, தண்ணீர் என்று ஒரு முப்பது கேள்விகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரில் போய் விசாரித்துப் பதில் எழுதுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள், தலைமையாசிரியர்களிடம் கேளுங்கள், இரவில் மருத்துவமனைக்கு ஒருமுறை வண்டியில் போய் எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரண்டு மாத வேலை. பிறகு, தொலைபேசியில் இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஊரைத் தெரிந்த ஒருவரைப் பகுதி நேரச் சம்பளத்துக்கு வையுங்கள். ஊர் திரும்பி வேலை தேடும் படித்த பெண் ஒருவர் கிடைத்தால் மிகப் பொருத்தம், ஏனென்றால் மறுமுனையில் தயங்கிக்கொண்டிருப்பவரிடம் அவரால்தான் பேச முடியும். ஆண்டு முடிவில் எத்தனை பேர் படம் பார்த்தார்கள் என்று எண்ணாமல், எத்தனை பூட்டிய வீடு திறந்தது, தொடக்கப் பள்ளியில் நடு ஆண்டில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள், கடைகளுக்கு எத்தனை புதிய மின் இணைப்பு வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். முதல் ஆண்டில் நான்கு குடும்பம் வந்தாலே பெரிய காரியம்.

கூட்டம் வைக்கச் சரியான நாள் பொங்கல் விடுமுறை. போகிக்கு முதல் நாள் காலையில் பொதிகை ரயிலிலிருந்து பையும் பிள்ளையுமாக இறங்குகிறவர்கள்தான் நீங்கள் தேடும் ஆட்கள், அழைப்பை அங்கேயே கையில் கொடுத்துவிடலாம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு, பள்ளி வளாகத்தில், கணவன் மனைவி இருவரையும் வரச் சொல்லுங்கள். மேடை வேண்டாம், வட்டமாக நாற்காலி போடுங்கள். திரும்பி வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், பத்து நிமிடம் பேசட்டும். பிறகு முப்பது கேள்விகள் அச்சிட்ட தாளைக் கொடுத்து, அவர்கள் மேற்கொண்டு கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள், பலர் அன்று மாலை ரயிலுக்கே கிளம்ப வேண்டியிருக்கும். எனக்கும் சொல்லி அனுப்புங்கள், நானும் என் மனைவியும் வருகிறோம்.